மீன் இல்லாத பணிஸ்

வெங்காயம் எண்ணெயில் கிடந்து வெள்ளை இழந்து, பொன்னிறமும் இழந்து, தேன் கறுத்த மாதிரி ஒரு நிறத்துக்கு வருகிறபோது ஒரு மணம் எழும்பும். கறுவாத் துண்டும் ரம்பை இலையும் அதற்குள் கிடந்து புழுங்கும். அதற்கு நாற்பது நிமிடம் வேண்டும். அடுப்பைக் கூட்டினால் கருகும், குறைத்தால் அவிந்துபோகும். கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் அந்த மணம் யாருக்கும் செய்தி இல்லை. எந்தக் குசினியிலிருந்து வருகிறது என்று யாரும் மூக்கைத் திருப்பிப் பார்த்ததில்லை. சென்னையில், ராஜா அண்ணாமலைபுரத்தில், நான் மூன்று வருடம் குடியிருந்த மாடியில் மணத்துக்கு முகவரி இருந்தது. அது எழும்பிய அடுத்த நிமிடம் கீழிருந்து, படிக்கட்டின் கம்பிக்கதவைத் தாண்டி, ஒரு குரல் ஏறி வரும். "மாடி, என்ன நெடி அது?"

மாடி என்பது நான்தான். என் பெயர் ஸ்டெல்லா. வீட்டுக்காரக் கோமளா மாமிக்கு அது தெரியும்; ஒப்பந்தத் தாளில் கடவுச்சீட்டைப் பார்த்து எழுத்துப் பிழை இல்லாமல் எழுதியவரே அவர்தான். ஆனாலும் மூன்று வருடமும் நான் மாடி. மாடி, மோட்டாரை நிறுத்து. மாடி, தண்ணி சொட்டறது. மாடி, செருப்பை ரெண்டாவது படியிலே விடாதே. அவர் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, மகன் அமெரிக்காவில். ஒரு வாக்கியத்துக்கு மேல் எதற்கும் செலவழிக்க மாட்டார். ஒப்பந்தம் எழுதிய அன்று நிபந்தனைகளை வகுப்பில் சூத்திரம் சொல்கிற தோரணையில் வாசித்தார். மாமிசம் கூடாது, மீன் கூடாது, முட்டை கூடாது, முட்டை கலந்த பிஸ்கட் கூடாது, சுவரில் ஆணி கூடாது. ஆணிக்கும் முட்டைக்கும் ஒரே குரல்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த வீட்டுக்கு முன் எட்டு வீட்டில் என்னைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதில் ஆறு பேர் மீன் சாப்பிடுகிறவர்கள். மந்தைவெளியில் ஒருவர், வஞ்சிரம் பொரிக்கிற வாசனை வாசல் வரைக்கும் வந்துகொண்டிருக்க, என் கடவுச்சீட்டின் நிறத்தைப் பார்த்துவிட்டு, "சிலோனா? போலீஸ் கீலீஸ்னு வருவாங்கம்மா" என்று கதவைச் சாத்தினார். கோமளா மாமி கடவுச்சீட்டைப் பெயருக்காகத் திறந்ததோடு சரி. தனியாக இருக்கிற பெண் என்பதையும் கேட்கவில்லை, நான் வேதக்காரி, அதாவது கிறிஸ்தவள், என்பதையும் கேட்கவில்லை. என்ன சாப்பிடுவாய் என்று மட்டும் கேட்டார். கொழும்பில் சோதனைச் சாவடிகளில் நான் என்ன மொழி பேசுகிறேன் என்று கேட்பார்கள். இங்கே என்ன சாப்பிடுகிறேன் என்று. இரண்டு ஊரும் என் வாயைத்தான் சோதித்தன. அங்கே அதிலிருந்து வெளியே வருவதை, இங்கே அதற்குள்ளே போவதை.

நான் இந்த ஊருக்கு வந்து பதினொரு வருடம். புருஷனுக்குப் பின்னால் சுவிஸுக்குப் போகிற வழியில் ஆறு மாதம் தங்க வந்தவள். வழி இங்கேயே முடிந்துபோனது, அவருக்கு அங்கே வேறு வீடு அமைந்தது, நான் இங்கே மொழிபெயர்ப்பு வேலையோடு நின்றுவிட்டேன். வருடத்துக்கு ஒருமுறை விசாவை நீட்டிக்க வேண்டும், அந்தத் தாள்களோடு வீட்டுக்காரரின் கையெழுத்துக் கடிதம் ஒன்றும் இருக்க வேண்டும். டொரொண்டோவிலும் பாரிஸிலும் குடியுரிமைக்காரராகிவிட்ட உங்களுக்கு இது மறந்திருக்கும். ஒருத்தியின் ஒரு வருட வாழ்வு இன்னொருத்தியின் பேனா முனையில் தொங்குவதைத்தான் சொல்கிறேன். போன ஐப்பசியில் மாமி அந்தக் கடிதத்துக்குப் பிடி கொடுக்கவில்லை. வடபழனியில் இருக்கிற தங்கை மகளுக்கு மாடி வேண்டுமாம். "பார்க்கலாம்" என்றார். அந்த ஒரு சொல்லோடு நான் கார்த்திகை வரைக்கும் படியேறி இறங்கினேன்.

பிறகு மழை வந்தது. இந்த ஊரின் மழை உங்களுக்குத் தெரியாது. எங்கள் மழை பெய்துவிட்டுப் போகும். இது பெய்துவிட்டு வீட்டுக்குள் வந்து உட்காரும். மூன்றாம் நாள் தெருவில் முழங்கால் அளவு கறுத்த தண்ணீர், அதில் யாருடையவோ குப்பைத்தொட்டி மூடி வட்டமடித்தது. கடை எதுவும் இல்லை. எனக்கு அன்று காலை, காரணமே இல்லாமல், பணிஸ் வேண்டும் போல இருந்தது. ஆசை என்று சொன்னால் போதாது. தாடையின் இரண்டு பக்கமும் ஊறி நோவெடுக்கிற மாதிரி. இந்த ஊரின் பன் எனக்கு ஆகாது, பாணும் ஆகாது. இங்கே ரொட்டிக்குள் சீனியைப் போட்டுக் குழந்தைப்பிள்ளையாக்கி வைத்திருக்கிறார்கள், கடித்தால் எதிர்த்துக் கடிக்காது. எனக்கு வேண்டியது மொறுமொறுப்பான மேல்தோலும், உள்ளே வதக்கிய வெங்காயச் சீனிச்சம்பலும்.

அலுமாரியைத் திறந்து பார்த்தேன். அரைப் பை மைதா இருந்தது, நாங்கள் கோதுமை மா என்கிறதுதான். போன நத்தார்ப் பண்டிகைக்கு வாங்கிய ஈஸ்ட் பொட்டலம் ஒன்று, பாதி. இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு கரண்டி சீனியோடு கரைத்து வைத்தேன். பத்து நிமிடம் செத்துக் கிடந்தது. விட்டுவிடலாம் என்று திரும்பியபோது ஓரத்தில் ஒரு குமிழ் வந்தது, பிறகு நுரை. எட்டு வெங்காயம், புளி உருண்டை, இடித்த மிளகாய், ஏலம், கறுவா. ரம்பை மொட்டைமாடியில் தொட்டியில் நின்றது. மேல்தட்டில் உப்புக்குப் பக்கத்தில் மாசித்தூள் போத்தல். கொழும்பிலிருந்து யாராவது வந்தால் நான் கேட்கிற ஒரே சாமான் அது. வெங்காயத்தை வதக்கினேன். புளி விட்டேன். மாசியில் ஒரு கரண்டி போட்டேன், உப்புப் போடுகிற கையால், உப்புப் போடுகிற நினைவின்மையோடு. சீனி கடைசியில்.

மா பொங்குகிற ஒன்றரை மணித்தியாலமும் ஜன்னலில் நின்று தண்ணீரைப் பார்த்தேன். என் மனம் கொட்டாஞ்சேனைப் பேக்கரியில் நின்றது. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு தட்டு. ஒன்று மீன் பணிஸ், முக்கோணம். மற்றது மீன் இல்லாத பணிஸ், உருண்டை. மீன் வேண்டாதவர்கள் அந்த உருண்டையை வாங்குவார்கள், அதற்குள் சீனிச்சம்பல் இருக்கும். பதினெட்டு வயதில் ஒருநாள் சாவடியில் ஒரு சிப்பாய் என் பையைத் திறக்கச் சொன்னான். அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே கடதாசிப் பையிலிருந்து பணிஸை எடுத்தான், பாதியைக் கடித்தான், "ரஸய்" என்றான். ருசி என்று அர்த்தம். மீதியையும் அட்டையையும் சேர்த்து நீட்டினான். என் பின்னால் நின்ற பையனின் அட்டை அன்று திரும்பி வரவில்லை. மீதிப் பாதியை நான் சாப்பிட்டேனா என்று எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். சாப்பிட்டேன். பசித்தது.

அடையாறில் ஒருவரிடம் பழையதாக வாங்கிய சிறிய மின்அடுப்பு என்னுடையது, ஒரே நேரத்தில் ஆறு பணிஸ்தான் போகும். மேலே முட்டை தடவுகிற இடத்தில் பாலைத் தடவினேன். நிபந்தனையை மறக்கவில்லை. அந்தத் தூரிகையை எவ்வளவு கவனமாகப் பிடித்தேன் என்பது இப்போதும் என் விரலில் இருக்கிறது. முதல் ஆறு வெந்து வருகிற நேரம் படிக்கட்டில் குரல் கேட்டது. என்ன நெடி என்ற கேள்விதான் வரும் என்று நான் பதில் தேடினேன்.

"மாடி, என்ன பண்ணிண்டிருக்கே? வாசனை தூக்கறதே."

மூன்று வருடத்தில் முதல்தரம் வாசனை. எட்டிப் பார்த்தேன். மாமி கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், சேலையை ஈரத்துக்காகக் கணுக்காலுக்கு மேல் செருகியிருந்தார். சமையல்காரம்மா இரண்டு நாளாக வரவில்லை, காலையிலிருந்து ஒரு காபிதான் என்றார், யாரோ மூன்றாவது ஆளைப் பற்றி முறைப்பாடு சொல்கிற மாதிரி. இரண்டு பணிஸைத் தட்டில் வைத்துக் கொண்டுபோனேன். அவர் தொடவில்லை. "முட்டை கிட்டை?" என்றார். இல்லை மாமி, பால்தான் தடவினது என்றேன். பிய்த்தார், முகர்ந்தார், ஆவி மூக்கில் பட்டது. சாப்பிடுகிறவர் பார்க்கப்படுவது அவருக்குப் பிடிக்காது என்று தெரிந்து திரும்பி ஏறினேன். ஆறாவது படியில் பின்னால் கேட்டது: "ஸ்டெல்லா, இன்னொண்ணு இருக்கா?"

அன்று வியாழக்கிழமை, அதையும் சேர்த்து நாலு வியாழன் நான் பணிஸ் போட்டேன். தட்டு ஒருநாளும் வெறுமையாகத் திரும்பி வரவில்லை. ஒருநாள் அரிசி அப்பளம், ஒருநாள் நாரத்தங்காய் ஊறுகாய். அன்பு என்று எழுத மாட்டேன். குரல் அதே குரல், மோட்டாருக்கும் செருப்புக்கும் அதே சண்டை. "உங்க ஊர்லே மீன்தான் சோறுன்னு நெனச்சேன், இப்படியும் பண்ணத் தெரியறதே" என்று ஒருநாள் சொன்னார், அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ள நான் இரண்டு படி ஏற வேண்டியிருந்தது. ஆனால் மூன்றாவது வியாழன் தட்டைத் தருகிறபோது, வடபழனிப் பெண் வேறு இடம் பார்க்கட்டும், உன் லெட்டரை டைப் அடிச்சுண்டு வா, கையெழுத்துப் போட்டுத் தரேன் என்றார். நான் படியேறிப் போய், கதவைச் சாத்திவிட்டு, மேசையில் தலையை வைத்துக்கொண்டு இருந்தேன். அழவில்லை. ஒரு வருடம் கிடைத்த பாரம் அது.

நாலாவது வியாழனுக்குப் பிறகு போத்தலில் அடிமட்டம்தான் மிஞ்சியது. ஞாயிற்றுக்கிழமை பாலவாக்கத்துக்குப் போனேன். அங்கே வதனி இருக்கிறாள், யாழ்ப்பாணத்தவள், கடற்கரைக்குப் போகிற தெருவில் வாடகை வீடு. ஞாயிறுகளில் நான் மீன் சாப்பிடுவது அவளுடைய குசினியில்தான். பாரைக் குழம்பு கொதித்தது. சோற்றைப் பிசைந்துகொண்டே அவளிடம் கொஞ்சம் மாசி கேட்டேன், கீழ்வீட்டு மாமிக்குப் பணிஸ் போட வேணும் என்றேன். வதனியின் கை சோற்றில் நின்றது.

"ஆருக்கு?" என்றாள். திரும்பச் சொன்னேன். "மாசி போட்டோ குடுத்தனி?"

அவள் சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் நீர் வழிய, எச்சில் கையைத் தூரமாக நீட்டிக்கொண்டு சிரித்தாள். எனக்கு விளங்கவில்லை. விளங்கியபோது வாயிலிருந்த சோறு மண்ணாகிவிட்டது. எங்கட வீட்டிலை வெள்ளிக்கிழமை மாசிப் போத்தல் இருக்கிற பக்கமே போக விடமாட்டினம், நீ வேதக்காரி, உனக்கு எங்கை தெரியப் போகுது என்று வதனி சொன்னது சரிதான். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை இறைச்சிக்குத்தான் தடை. மீன் எங்களுக்கு விரதச் சாப்பாடு. அதிலும் மாசி எங்களுக்கு மீன்கூட இல்லை. சூரை மீனை அவித்து, புகையில் போட்டு, வெயிலில் காயவைத்து, விறகுத் துண்டு மாதிரி ஆக்கி, உரலில் இடித்தால் அது மேல்தட்டுக்கு ஏறிவிடும். உப்பு, சீனி, மாசி. மீன் இல்லாத பணிஸுக்குள் அது இருந்தது, அதைக் கொழும்பில் ஒருவரும் மீன் என்று எண்ணவில்லை. மூன்று வருடம் அந்த வீட்டில் மீனே சமைக்கவில்லை என்று நான் நெஞ்சில் கைவைத்துச் சத்தியம் செய்திருப்பேன். செய்துகொண்டே மாசி தூவியிருப்பேன்.

"சொல்லாதை," என்றாள் வதனி. சிரிப்பு நின்றிருந்தது. "கையெழுத்துப் போடுமட்டும் வாயைத் திறவாதை. பிறகும் திறவாதை. உனக்கு வேறை வீடு கிடைக்காது, விசரி."

நான் வாயைத் திறக்கவில்லை. இதைத்தான் உங்களுக்கு எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன், மற்றதெல்லாம் சமையற்குறிப்பு. தெரியாமல் செய்த நாலு வியாழன் ஒரு கணக்கு. தெரிந்த பிறகு, கடிதத்தை டைப் அடித்து, இரண்டு பிரதி எடுத்து, கீழே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, சொல்லாமல் படியேறிய ஐந்து நாள் வேறு கணக்கு. எனக்கு நானே கோபத்தைக் கிளப்பிப் பார்த்தேன். என்னை மாடி என்று கூப்பிட்டவர்தானே என்றேன். என் மூச்சையே மோந்து பார்த்தவர்தானே, ஒரு கரண்டித் தூளில் அவருடைய சொர்க்கம் சரிந்து விழட்டும் என்றேன். கோபம் வந்தது. நன்றாகவே வந்தது. பதினொரு வருடக் கோபம். ஆனால் அது வந்து நிற்கிற இடத்தில் எப்போதும் மாமி பணிஸைப் பிய்க்கிற விரல்கள் இருந்தன, முட்டை இல்லை என்ற என் சொல்லை நம்பிய விரல்கள். என் வாயை ஊரெல்லாம் சோதித்தார்கள் என்று புலம்புகிற நான், கேட்காமல் இன்னொருத்தியின் வாய்க்குள் கைவைத்திருந்தேன்.

ஐந்தாவது வியாழன் மாசி போடாமல் செய்தேன். வெங்காயத்தைக் கூடுதலாக வதக்கினேன், புளியைக் கூட்டினேன், ஏலத்தைக் கூட்டினேன். மாமி ஒரு கடி கடித்துவிட்டு, தட்டைக் கைப்பிடிச் சுவரில் வைத்தார்.

"ஏதோ குறையறதே."

கறிவேப்பிலை காணாமல் போச்சு மாமி என்றேன். அவர் கண்ணை மூடி மென்றார், விடைத்தாள் திருத்துகிறவர் மாதிரி. "கறிவேப்பிலை இல்லை. அடியிலே ஒண்ணு இருந்தது. முழுங்கினப்புறம் நாக்குக்குப் பின்னாடி வந்து நிக்கும். அதைப் போடலை நீ. கையைக் குறைச்சுட்டியா, இல்லே எனக்கு இது போதும்னு நெனச்சுட்டியா?" அந்தப் பணிஸ் மட்டும் பாதி திரும்பி வந்தது. அதைத் தவிர அந்தத் தட்டில் அப்பளமும் இல்லை, ஊறுகாயும் இல்லை.

மறுநாள் காலை பதினொரு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. மாமி மாடி ஏறி வந்திருந்தார், முழங்கால் நோவோடு. மூன்று வருடத்தில் அவர் என் வாசலைத் தாண்டியதில்லை. ஒரு கையில் கணக்கு நோட்டும் பேனாவும், மறு கையில் என் கடிதம், கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டு. கடிதத்தை மேசையில் வைத்தார். நோட்டைத் திறந்து அடுப்புக்குப் பக்கத்தில் நின்றார். "சொல்லு. ஒண்ணு விடாம சொல்லு. மாட்டுப்பெண்ணுக்கு அனுப்பணும், அங்கே மழையோ பனியோ கொட்டிண்டே இருக்காம்." மா இரண்டு கப் என்றேன். ஈஸ்ட் என்றேன். அவர் எழுதினார், வரிக்கு எண் போட்டார். வெங்காயம் எட்டு. அவருடைய கண் என் வாயை விட்டு அலுமாரிக்குப் போனது. ஒவ்வொரு போத்தலாகத் திறந்து மோந்தார். உப்பு, சீனி. அடுத்ததைத் திறந்தார்.

"இது என்னது, ரம்பத்தூள் மாதிரி? இதானே அது?"

உள்ளங்கையில் கொட்டினார். அடிமட்டத்தில் மிஞ்சியது அவ்வளவும் அந்தக் கையில் வந்து விழுந்தது. கையை வாய்க்குக் கொண்டுபோனார். என் கடிதம் மேசையில் கிடந்தது, மை காய்ந்து. வதனி சொன்னது காதில் இருந்தது. இன்னும் ஒரு விரற்கடை தூரம். அவர் நக்கியிருந்தால், இதானே என்று சொல்லியிருந்தால், நான் ஓம் மாமி, ஏதோ ஒரு வேர், எங்கள் ஊர்ச் சரக்கு என்று சொல்லியிருக்கலாம். சொற்கள் தயாராகவே இருந்தன. மொழிபெயர்ப்புக்காரிக்குச் சொல்லுக்கா பஞ்சம்.

"மாமி, அது மீன்."

கை அந்தரத்தில் நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். 

"எத்தனை தரம்?"

"நாலு தரம். நேற்று மட்டும் போடேல்லை."

"நேத்திக்குத்தான் குறையறதுன்னேன்," என்றார். எனக்கு அல்ல, நோட்டுக்குச் சொல்கிற மாதிரி. என் குழாயைத் திறக்கப் போனார், அது என் குழாய் என்று நினைவு வந்தது போல நிறுத்தினார். "எப்போ தெரியும் உனக்கு?" ஐந்து நாள் என்றேன். அதை ஏன் சொன்னேன் என்று இன்றும் தெரியாது. அவர் கேட்கிற விதத்தில் பொய்க்கு இடம் இருக்கவில்லை. "அந்த லெட்டரைக் குடு." கொடுத்தேன். கையை முன்னால் நீட்டி, கங்கு ஏந்தினவர் மாதிரி, ஒவ்வொரு படியாக இறங்கினார். கீழே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. வாளி நிரம்புகிற, கவிழ்கிற, திரும்ப நிரம்புகிற சத்தம். மதியம் வரைக்கும் நிற்கவில்லை. கணக்கு நோட்டு என் அடுப்புக்குப் பக்கத்திலேயே இருந்தது, வெங்காயம் எட்டு என்ற வரியோடு.

இரண்டு கிழமைக்குள், பதினாலு நாளில், காலி பண்ணச் சொல்லி மறுநாள் ஒரு துண்டுத்தாள் கதவடியில் வந்தது. பிறகு யுத்தம். மாடிக்கு ஏறுகிற மோட்டார் காலையில் ஐந்து நிமிடம்தான் ஓடியது. படிக்கட்டு விளக்கின் பல்ப் கழற்றப்பட்டது. என் பால் பாக்கெட் வாசலில் வெயிலில் கிடந்தது. நான் நடந்த படிகளை, நான் ஏறி முடித்த கையோடு, யாரோ கழுவினார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. வேண்டுமென்றே மிளகாய் வறுத்தேன், ஜன்னலைத் திறந்து வைத்து. அவர் இருமுகிற சத்தம் கேட்கும்வரை வறுத்தேன். ஐம்பத்திரண்டு வயதில் அப்படி நின்றேன், கண் எரிய, கரண்டியோடு.

தெருவுக்கும் செய்தி போய்விட்டது. முனையில் இஸ்திரி போடுகிறவர் என்னைக் கண்டதும் பெட்டியை நிறுத்திவைத்துச் சிரித்தார். "இன்னாக்கா, மாமிக்கே மீனு ஊட்டிட்டியாமே? இருவது வருசமா அந்த ஊட்டுத் துணி தேய்ச்சிக்கினு கீறேன், ஒரு சொம்பு தண்ணி குட்த்ததில்ல. நீ செஞ்சது கரீட்டுக்கா." அவர் என் பக்கம் நின்றார். அவர் சிரிப்பில் இருபது வருடத் தாகம் இருந்தது, அதை மறுக்க எனக்கு வாய் இல்லை. ஆனால் நான் செய்தது வெற்றி என்று யாராவது சொல்லக் கேட்டபோதுதான் அது எவ்வளவு அசிங்கம் என்று எனக்குத் தோலில் பட்டது. அன்று பின்னேரம் கம்பிக்கதவடியில் நின்று, தெரியாமல் செய்துவிட்டேன் மாமி என்றேன். உள்ளே இருட்டிலிருந்து பதில் வந்தது. தெரியாமப் பண்ணினது நாலு தரம், அதை நான் உனக்குத் தள்ளிடுவேன். அஞ்சு நாளை எதுலே தள்றது? கணக்கு டீச்சர். 

மீன் சாப்பிடுகிறதற்கு நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டேன். சாகும் வரைக்கும் மாட்டேன். என் மூக்கும் வாயும் யாருடைய வாசலிலும் பரிசோதனைக்கு நிற்க வேண்டியவை அல்ல என்று இன்றும் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அந்தக் கோபமும் என்னுடையது, அந்த ஐந்து நாளும் என்னுடையவை. இரண்டையும் ஒரே பெட்டிக்குள் கட்ட முடியவில்லை. இரண்டையும் தூக்கிக்கொண்டுதான் நடக்கிறேன்.

வீடு கிடைக்கவில்லை. வதனியின் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை இருந்தது, அங்கேயே வந்துவிடு என்றாள். அந்த வீட்டின் சொந்தக்காரர் கடலுக்கு மீன் பிடிக்கப் போகிறவர். என்ன சாப்பிடுவேன் என்று கேட்கவில்லை. கடவுச்சீட்டை மட்டும் மூன்று தரம் புரட்டினார், கடைசியில் முகத்தைச் சுளித்துக்கொண்டே விசாக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

சாமான் ஏற்றக் குட்டியானை லாரி வந்தது. மின்அடுப்பைப் போர்வையில் சுற்றிக் கொடுத்தேன். மொட்டைமாடியில் ரம்பைத் தொட்டியைத் தூக்கப் போனால் வரவில்லை. வேர் தொட்டியின் அடியைத் துளைத்து, தளத்தின் வெடிப்புக்குள் இறங்கியிருந்தது. இழுத்தால் தளமும் வரும், விட்டால் செடி வராது. பக்கத்தில் முளைத்திருந்த கன்று ஒன்றைக் கத்தியால் பிரித்து, ஈரக் கடதாசியில் சுற்றி எடுத்தேன். தாய்ச்செடி அங்கேயே நின்றது, அந்த வீட்டின் சிமெந்தைப் பிடித்துக்கொண்டு. அதை அவர் வெட்டி எறிவார் என்று நினைத்தேன். இன்றைக்கும் அது நிற்கிறதா என்று எனக்குத் தெரியாது.

கீழே இறங்கியபோது மாமி கம்பிக்கதவுக்கு உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கிழமையில் மெலிந்திருந்தார். சாவியை நீட்டினேன். கைப்பிடிச் சுவரைக் கண்ணால் காட்டினார், அங்கே வைத்தேன், கணக்கு நோட்டையும் அதற்குப் பக்கத்தில் வைத்தேன். வெளியே குட்டியானைக்காரர் ஹார்ன் அடித்தார். போயிட்டு வாறன் மாமி என்றேன். பதினொரு வருடம் இந்த ஊர் மாதிரி 'வரேன்' என்று சொல்லிப் பழகிய வாய் அன்று பழைய ஊருக்குத் திரும்பிப் போய்விட்டது.

மாமி நோட்டைப் பார்த்தார். திறக்கவில்லை. நான் கேட்டைத் தாண்டுகிற நேரம், ஒப்பந்தம் வாசித்த அதே குரலில், ஒரு சொல்கூட உயராமல் சொன்னார்.

"வராதே. பஞ்சகவ்யம் சாப்ட்டாச்சு, பட்டினி கிடந்தாச்சு, பண்ண வேண்டியதெல்லாம் பண்ணியாச்சு. வயிறு சுத்தமாயிடுத்து. ஆனா வியாழக்கிழமை வந்தா நாக்கு அதையே கேக்கறது. அதுக்குத்தான் உன்னை நான் மன்னிக்கவே மாட்டேன், ஸ்டெல்லா."